காலே பிரேக்

என் அக்காவின் கணவருக்கு வெல்டிங் பட்டறையில் 'தொங்கல்' என்று பெயர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எதைப் பத்தவைத்தாலும் கொடுப்பதற்கு முன் அதில் ஒருமுறை தொங்கிப் பார்ப்பார். கேட் என்றால் கீலில் மாட்டிய கையோடு, வீட்டுக்காரர் முன்னாலேயே மேல் கம்பியைப் பிடித்துக் காலை மடக்கி, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து ஆடுவார். மகள் பாப்பாவுக்குப் பிடிமானம் வந்த பிறகு அவளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு தொங்க ஆரம்பித்தார்.

"நான் பத்தவெச்சதுக்கு இவதாங்க கேரண்டி. ஒட்டு விடும்னு தெரிஞ்சா பெத்த பொண்ண ஏத்துவேனா?"

வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். பாப்பா முதுகிலிருந்து கையாட்டுவாள். அக்கா ஒருநாளும் சிரித்ததில்லை. அவர் பத்தவைத்த எதுவும் இதுவரை விட்டதில்லை என்பதுதான் அவளுடைய பயமே. ஒருமுறையாவது விட்டிருந்தால் அந்தப் பழக்கம் நின்றிருக்கும்.

மச்சானுக்கு நாற்பது வயது. பதினாறிலிருந்து ராடு பிடிக்கிறார். முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள். சாயங்காலமானால் கண்ணில் தண்ணீர் வழியும். "கல்யாணத்தன்னைக்கு நான் அழுததெல்லாம் இப்ப தவணை முறையில திருப்பிக் குடுக்கிறாரு" என்று அக்கா துண்டை நனைத்துக் கொண்டுவந்து கண்மேல் போடுவாள். அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் அடைக்கும் கம்பெனியில் வேலை. பட்டையில் நகர்ந்து வரும் பாட்டில்களின் மூடியைத் திருகிப் பார்ப்பது. வீட்டில் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாலும் மூடும்போது அவள் விரல் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் நகரும்.

ஊரில் பாதி ஜன்னல் அவர் செய்தவை. நானும் அவர்களோடு இருக்கும் வாடகை வீட்டின் ஜன்னல் மட்டும் வேறு யாரோ செய்தது. தனக்கென்று ஒரு பொருளும் அவர் செய்துகொண்டதில்லை. அந்த ஏக்கம் எப்படி சைக்கிள் மேல் போய் உட்கார்ந்தது என்று தெரியவில்லை. ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். மெலிந்த சைக்கிள்களில் பையன்கள் போகிறார்கள். பிரேக் இல்லை, மட்கார்டு இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிற்க வேண்டுமென்றால் காலால் பெடலை எதிர்த்துப் பிடிக்கிறார்கள்.

"பாத்தியா மாப்ள, சும்மா உருள்றதே கிடையாது. வண்டியும் காலும் ஒண்ணு. காலே பிரேக்."

"கால் சறுக்கினா?" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

"உன் வாய்தான்டி சறுக்குது."

அடுத்த வாரமே பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. எடைக்குப் போட வந்ததை எடைக்கே வாங்கியிருந்தார். துருவுக்கு நடுவே அங்கங்கே பச்சை. பட்டறையில் இடமில்லாததால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரிக்கத் தொடங்கினார். முதலில் கேரியர். பிறகு ஸ்டாண்டு, செயின் கவர், மட்கார்டு இரண்டும், பெல். ஒவ்வொன்றையும் கழற்றிக் கல்மேல் வைக்கும்போது வண்டி மெலிந்து வளர்வதுபோல இருந்தது. கடைசியில் பிரேக் கம்பிகளையும் கட்டைகளையும் உருவிப் போட்டார்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னும் கழட்ட என்ன பாக்கி? சக்கரத்தையும் கழட்டிட்டா எங்கயும் போகாம வீட்ல இருக்கலாம்."

"பாப்பா, உங்கம்மாவ உள்ள கூட்டிட்டுப் போ."

பாப்பா போகவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவிலுள்ள கம்பியை. அவர் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் துணி சுற்றிக்கொண்டிருந்தார். "இது உன் சீட்டு. திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்கு வேன் கிடையாது, அப்பாகூடத்தான்."

பள்ளிக்கூடம் இருப்பது இறக்கத்தின் அடியில். தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து கிளம்பும் சாலை வளையாமல் நேரே இறங்கி, பஸ்கள் திரும்பும் நாற்சந்தியில் போய் விழும். எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. அக்காவின் கண் அந்தக் கம்பிக்கும் வாசலுக்கும் போய்விட்டு வந்தது.

சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு ஃப்ரீவீல் இருக்கும். மிதிக்காதபோது சக்கரத்தைத் தன்போக்கில் உருளவிடுவது அதுதான். மச்சான் அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், உள்வளையமும் வெளிவளையமும் ஒன்றையொன்று விட்டுச் சுழல முடியாதபடி சுற்றிலும் பத்தவைத்தார். முகமூடிக்குள் பாடிக்கொண்டே வேலை செய்தாராம். கூட இருக்கும் பெயின்டர் பிறகு சொன்னார்: "கேட்டுக்குக்கூட உங்க மச்சான் இவ்வளவு ராடு தின்னது இல்ல தம்பி. மோதிரம் செய்ற மாதிரி செஞ்சாரு."

ஆறிய பிறகு சுத்தியலால் அடித்துக் காது கொடுத்துக் கேட்டார். 'ணங்' என்று சுத்தமாகப் பேசியது. கிடுக்கியில் மாட்டி நீளக் குழாயை நெம்புகோலாக வைத்துத் தொங்கினார். அசையவில்லை.

பத்தவைத்த இரும்பு ஆறினாலும் பழைய அளவுக்குத் திரும்பி வருவதில்லை. இது அவருக்குத் தெரியாததா? கேட் செய்யும்போது கோணிக்கொள்ளாமலிருக்க நாலு மூலையும் கட்டிவைத்து, ஒருபக்கம் ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைப்பார். கையகல ஃப்ரீவீலுக்கு அந்த ஜாக்கிரதை தோன்றவில்லை. அதன் உள்ளே மரை இருக்கிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள அச்சுக்கட்டையில் அது திருகி உட்கார்வது அந்த மரையால்தான். சூட்டில் அந்த மரை அகன்றுவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, சக்கரத்தில் பொருத்தினார். கழற்றும்போது உளியும் சுத்தியலும் கேட்டது, இப்போது இரண்டு விரலில் ஏறியது.

"வெண்ணெய் மாதிரி ஏறுது பாரு மாப்ள!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளே ஒருமுறை கழற்றி, ஏற்றிப் பார்த்தாள். விரல் நின்று யோசித்தது.

"ஏங்க, இது சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"இவ்வளவு லேசா ஏறக்கூடாது. இப்படி ஏறுற மூடிய நாங்க ஓரமா தூக்கிப் போட்டுருவோம். பாக்க மூடின மாதிரியே இருக்கும். படுக்கப் போட்டாத்தான் தெரியும்."

"உன் பாட்டில நீ மிதிப்பியா? இது மிதிக்க மிதிக்க இறுகும்டி. மரை போற திசையே அதுதான்."

"மிதிக்கும்போது இறுகும். எதுத்துப் பிடிச்சா?"

அவர் ஃப்ரீவீலைத் தட்டிக் காட்டினார். "பத்தவெச்சது விடாது. பேச்சே கிடையாது."

அவள் கேட்டது வேறு. அவர் சொன்னது வேறு.

வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை இரண்டு நாளும் மேட்டிலேயே, சமதளத் தெருக்களில் ஓட்டிப் பழகினார். அழகாகத்தான் இருந்தது. துரு போய்க் கறுப்பு அடித்த வண்டி, கோட்டோவியம்போல. எதிர்த்துப் பிடித்தால் மெதுவாகி நின்றது. நிற்கும்போது மட்டும் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், பல்லிடுக்கில் நாக்கு விடுவதுபோல. மறுபடி மிதித்ததும் இன்னொரு 'டக்'. நான் சொன்னேன். "புது வண்டி, பேசிப் பழகுது" என்றார். சமதளத்தில் நாலு மிதி மிதித்தால் ஒருதரம்தான் எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கழன்றதை அடுத்த மிதி திரும்ப இறுக்கிக்கொண்டது. ஆனால் இறக்கத்தில் மிதிக்க வேலையே இல்லை. உச்சியிலிருந்து அடிவரை எதிர்த்துப் பிடிப்பது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைத் தண்ணீர்த் தொட்டியருகே கொண்டு நிறுத்தினார். பாப்பா பள்ளிக்கூட ஷூவையே மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "திங்கக்கிழமைக்கு ஒத்திகை" என்று அவளைத் தூக்கிக் கம்பியில் உட்காரவைத்தார். நானும் அக்காவும் பின்னால் வந்தோம். அக்கா கம்பெனிக்குப் போட்டுக்கொள்ளும் தடித்த ரப்பர் ஷூவில் இருந்தாள்.

வந்த வேகத்தில் பாப்பாவை இறக்கி என் கையில் கொடுத்தாள்.

"முதல்ல நான்."

"என்னடி இது?"

"கேரண்டி குடுக்கிறீங்கள்ல. எனக்குக் குடுங்க. நான் இறங்கி ஏறி வந்தப்புறம் அவ."

"உன் வெயிட்டுக்குக் கம்பி வளைஞ்சிரும்."

"வளைஞ்சா பத்தவெச்சுக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். அவளும் லேசாகச் சிரித்தாள், ஆனால் கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். "மாமா, அடுத்து நான்" என்றாள் பாப்பா என்னிடம், வரிசையில் நிற்பவள்போல.

வண்டி இறங்கியது.

முதலில் நிதானமாகத்தான் போனது. மச்சானின் முதுகு நிமிர்ந்து, கால்கள் பெடலோடு மெதுவாகச் சுற்றுவது தெரிந்தது. பால்காரர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். இறக்கத்தின் பாதியில் அவருடைய இடது கால் சுற்றுவதை நிறுத்தியது. வலதுகாலும் நின்றது. சக்கரம் நிற்கவில்லை. நின்ற கால்களைச் சுமந்துகொண்டு வண்டி வேகமெடுத்தது. அவர் குனிந்து கீழே பார்த்தார். பெடலை முன்னும் பின்னும் வெறுமனே மிதித்தார், தண்ணீருக்குள் மிதிப்பதுபோல. சந்தியில் ஒரு பஸ் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

அவர் கத்தியது எங்களுக்குக் கேட்டது. சொல் எதுவும் இல்லை.

அக்கா கத்தவில்லை. கம்பியிலிருந்தபடியே குனிந்து காலை நீட்டினாள். மட்கார்டு இல்லாத முன்சக்கரத்தின்மேல், அதைப் பிடித்திருக்கும் கவைக்குப் பின்னால், ஷூவின் அடியை வைத்து அழுத்தினாள். ஒரு நீண்ட அறுப்புச் சத்தம். ரப்பர் புகை மேட்டுக்கு வந்தது. வண்டி பாம்புபோல நெளிந்து, பஸ்ஸின் பின்பக்கத்தைத் தாண்டிக்கொண்டு, சந்தியின் எதிர்ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லியில் ஏறிச் சாய்ந்தது. இரண்டாவது பஸ் அவர்கள் வந்த தடத்தின்மேலேயே கடந்து போனது. ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேரும்போது மச்சான் ஜல்லியில் மண்டியிட்டிருந்தார். முழங்கையெல்லாம் ரத்தம். அதைக் கவனிக்காமல் பின்சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஃப்ரீவீல் மரையிலிருந்து முழுவதும் கழன்று, செயினில் வளையல்போலத் தொங்கியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பயம்கூட இல்லை, ஒரு பிடிவாதமான ஆச்சரியம்.

"பாரு" என்றார், யாரிடமென்று இல்லாமல். "பத்தவெச்சது விடல. ஒரு முடிகூட விடல."

அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அடி தேய்ந்து, ஓரிடத்தில் காலுறையும் தீய்ந்து, பாதம் சிவந்து தெரிந்தது. அவர் அங்கிருந்தே பேசிக்கொண்டிருந்தார்: "அச்சுக்கட்டையோட சேத்துப் பத்தவெச்சிட்டா மரைங்கிற பேச்சுக்கே இடமில்ல. நாளைக்கே..."

"ஏங்க."

அவர் நிறுத்தினார்.

"நான் உக்காந்திருந்த இடத்துல அவ உக்காந்திருந்தா, கால் எட்டியிருக்காது."

அவர் பாப்பாவின் காலைப் பார்த்தார். வெள்ளை ஷூ, என் இடுப்பளவில் ஆடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஃப்ரீவீலைக் கீழே வைக்க அவருக்கு வெகுநேரமானது.

"அவ அந்தக் கம்பில உக்கார மாட்டா. நீங்க செய்யற எதுலயும் இனிமே தொங்க மாட்டா" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. அவர் தலையாட்டினார். பாப்பாதான் அழுதாள், தன் முறை போய்விட்டதென்று.

ஒரு முன்பிரேக்காவது போடச் சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டவில்லை. மறுவாரம் அச்சுக்கட்டையோடு சேர்த்தே பத்தவைத்துக் கொண்டுவந்தார். இப்போது அது உண்மையிலேயே ஒரே இரும்பு. தினமும் அதில்தான் பட்டறைக்குப் போகிறார், அதே இறக்கம், தனியாக. பாப்பா மறுபடி வேனில். அக்கா கால் ஆறி வேலைக்குப் போகிறாள்.

சாயங்காலங்களில் மேட்டுத் தெருவில் சைக்கிள்கள் மிதிக்காமல் உருண்டு வரும்போது ஃப்ரீவீல் 'டிக்டிக்டிக்' என்கிறது. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்கிறாள். பிறகு மறுபடி குனிந்துகொள்கிறாள். சத்தம் கேட்கிறதென்றால் அது வேறு யாரோ. அவர் வண்டி வருவது கேட்காது. வராவிட்டாலும் அப்படித்தான் இருக்கும்.