தெல்டாவுக்கு ஒரு தோட்டா

சமைத்துப் போடுவதற்காக மட்டும் மலைக்கு வரமாட்டேன் என்று தெல்டா ரஸ்முசன் சொல்லிவிட்டாள்.

"எனக்குன்னு ஒரு துப்பாக்கி, எனக்குன்னு மான் சுட ஒரு அனுமதிச் சீட்டு. ரெண்டும் இல்லாம அந்தக் கூடாரத்துல கால வைக்க மாட்டேன். ஒனக்கு ரொட்டி சுட்டுப் போடறதுக்கு நான் எதுக்கு ஆறு மைல் குதிரை ஏறணும்? இங்கயே சுட்டுத் தர்றேன், கட்டி எடுத்துட்டுப் போ."

புருஷன் எல்வின் தலையை மட்டும் ஆட்டினான். முப்பத்தெட்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன். எந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும்.

தெல்டா பிறந்ததே ஆட்டுக்கிடை வண்டிக்குள். லெம்ஹை மலையடிவாரத்தில் மந்தையோடு அலைந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் போனாள், அதுவும் பனிக்காலத்தில் மட்டும். பன்னிரண்டு வயதில் அப்பாவின் ரைஃபிளால் முதல் மானை வீழ்த்தினாள். கல்யாணமான பிறகு ஒரு அக்டோபர்கூட விட்டதில்லை. மூத்தவளை ஏழு மாசம் சுமந்திருந்த வருஷமும் போனாள். குப்புறப் படுக்க முடியவில்லை என்று ஒரு மரத்தில் சாய்ந்து நின்று சுட்டாள். அந்த மானின் கறியைத் தின்றுதான் அந்தப் பிள்ளை பிறந்தது.

கல்யாணமாகி முப்பத்தெட்டாவது வருஷம் மார்ச்சில் அவளுடைய வலது மார்பில் கட்டி வந்தது. டாக்டர் மார்பை எடுத்தார், அதற்கு அடியிலிருந்த சதையை எடுத்தார், அக்குளில் கையை விட்டுத் துழாவி அங்கிருந்தும் எடுத்தார். விலா எலும்பின் மேல் தோல் மட்டும் மிச்சம். ரைஃபிளின் கட்டை உட்காருகிற இடமும் சரியாக அதுதான். இடது பக்கம் மாற்றிச் சுடலாம் என்றால், இடது கண் சின்ன வயதில் அம்மை போட்டதிலிருந்து மங்கல்.

ஜூலையில் ஒரு நாள் எல்வின் மில்லுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் ரைஃபிளை எடுத்து ஒரே ஒரு வெடி வெடித்துப் பார்த்தாள். வலியில் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு நிமிர்ந்தபோது, எல்வின் வேலியோரம் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றிருந்தான். அன்று மாலை அவன் கறி சுற்றி வந்த காகிதத்தை மேசையில் விரித்து, பென்சிலை நக்கி நக்கி எதையோ வரைய ஆரம்பித்தான்.

மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிறவன் எல்வின். இரும்பு அவன் கைக்குப் பணியும். கடையில் விற்கிற எந்தத் தோட்டாவும் மனசுக்குப் பிடிக்காமல், பித்தளைக் கூட்டை நெருக்கியும் வெட்டியும் தாங்களே புதுத் தோட்டா செய்துகொள்கிற கிறுக்கர்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அப்படிச் செய்த தோட்டாவுக்குக் காட்டுப்பூனை என்று பேர். எல்வின் அதற்கு முன்னால் மூன்று காட்டுப்பூனை செய்திருந்தான். மூன்றும் ரைஃபிளுக்கு. இப்போது கைத்துப்பாக்கிக்கு ஒன்று.

"கைத்துப்பாக்கிக்குத் தோள் எதுக்கு?" என்றான். "பைய முன்னால போட்டு, அதுமேல குழலச் சாய்ச்சு, ரெண்டு கையால பிடிச்சுக்க. ஒத்தை வெடி. அதுக்கு மேல ஒனக்கு எப்பவும் தேவைப்பட்டதில்ல."

"இந்தக் கை தூக்குமா?" என்றாள். அக்குளை நோண்டியதிலிருந்து வலது கை வீங்கித்தான் கிடந்தது.

மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்து அவள் கையில் மாட்டி இழுக்கச் சொன்னான். எவ்வளவு இழுக்கிறாள், எந்த உயரத்தில் வலிக்கிறது, விரல் எங்கே நடுங்குகிறது என்று எல்லாவற்றையும் அந்தக் கறிக் காகிதத்தில் எழுதிக்கொண்டான். கல்யாணத்து அன்றுகூட அவன் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. தெல்டாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"போதும்யா, கசாப்புக் கடையில மாட்ட அளக்கற மாதிரி அளக்கற."

ஆகஸ்ட் முழுக்கக் கொட்டகையில் லேத் ஓடியது. தெல்டாவின் தம்பி ரூலன் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டான். அங்கே பேசுவதெல்லாம் அடுப்படி ஜன்னலில் கேட்கும். தோட்டாக் கூட்டுக்குக் கழுத்து உண்டு, தோள் உண்டு, உடம்பு உண்டு. தோளை மேலே தள்ளத் தள்ள வெடிமருந்துக்கு இடம் கூடும். மருந்து கூடினால் குண்டுக்கு வேகம் கூடும்.

"இன்னும் ஒரு நூல் மேல தள்ளுங்க மாமா," என்பது ரூலனின் குரல். "எடம் சும்மாதான கெடக்குது?"

"உதைக்குமேடா மச்சான்."

"என்ன பெருசா உதைச்சிரும்? இந்தக் கவுன்டியிலயே இப்பிடி ஒண்ணு யார்கிட்டயும் கெடையாது. ரஸ்முசன் எக்ஸ்பிரஸ்னு பேர் வைங்க."

எல்வின் இன்னும் ஒரு நூல் மேலே தள்ளினான். குழலில் தோட்டா உட்காருகிற அறையைக் குடைகிற உளியை அவனே செதுக்கி, சூடேற்றி, எண்ணெயில் முக்கினான். குழலில் அறை குடைந்து, 'ரஸ்முசன் எக்ஸ்பிரஸ்' என்று எழுத்து அடித்தான். அந்த ஊரில் இது கட்டாயம். என்ன தோட்டா என்று குழலில் அடிக்காமல் விட்டால், பின்னால் எவனாவது தப்பான தோட்டாவைப் போட்டு முகத்தைப் பிய்த்துக்கொள்வான்.

செப்டம்பர் கடைசியில், ஓடைக்கரையில் மேசை போட்டு, தெல்டா முதல் முறை சுட்டாள். துப்பாக்கி கையிலிருந்து வானத்துக்கு எகிறியது. மணிக்கட்டில் ஆரம்பித்த வலி முழங்கை வழியாக ஏறி, தையல் போட்ட இடத்தில் போய்க் குத்தியது. மேசைமேல் துப்பாக்கியை மெதுவாக வைத்தாள்.

"பாத்தியா அக்கா? எதிர்க்கரைப் பாறையத் தூளாக்கிருச்சு!" என்று ரூலன் குதித்தான்.

"நீயே வச்சுக்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். வேட்டைக்காலம் தொடங்கப் பதினோரு நாள் இருந்தது. இந்த வருஷம் போகவில்லை என்றால் இனி எந்த வருஷமும் போகமாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அந்தக் கட்டி திரும்ப வருமா வராதா என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எல்வின் வந்து வாசற்படியில் நின்றான்.

"மருந்தக் குறைச்சுப் போட்டுத் தரட்டுமா?"

"குறைச்சுப் போட்டா சரியா வெடிக்குமா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. "பெரிய கூட்டுல கொஞ்சூண்டு மருந்து போட்டா நம்ப முடியாது. ஒரு தடவ ஒரு மாதிரி வெடிக்கும்."

"அப்ப எனக்கு வேணாம். மானைக் காயப்படுத்திட்டு அலைய விடறதுக்கு நான் வரல." கிழங்கைப் பாத்திரத்தில் போட்டாள். "யோவ், ஒண்ணு கேக்கறேன். முப்பத்தெட்டு வருஷத்துல நான் சுட்ட மான்ல ஆக தூரமா நின்னது எவ்ளோ தூரம்?"

எல்வின் யோசித்தான். "அந்த சேஜ் புதர் மேட்டுல... தொண்ணூறு தப்படி இருக்கும்."

"எதிர்க்கரைப் பாறை?"

"முந்நூறு."

"அந்தப் பாறைய எவன்யா திங்கப் போறான்?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என் கைய அளந்த. என் வெரல அளந்த. எல்லாத்தையும் எழுதி வச்ச. அப்புறம் அந்தக் காகிதத்த ஓரமா வச்சுட்டு ரூலன் பேச்சக் கேட்ட. தோட்டாவுக்கு மட்டும் பெரிய தோளா வச்சுக் குடுத்துட்ட. எனக்குத்தான்யா தோள் போச்சு, அதுக்கா போச்சு?"

சத்தம் போட்டுச் சொன்னாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்வின் பக்கத்தில் வந்து நின்றான். தொடவில்லை. மிச்சக் கிழங்கை எடுத்து உரித்தான். அவன் உரித்தால் தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடும். அன்றைக்கு அவள் திட்டவில்லை.

மறுநாள் மில்லுக்கு லீவு சொன்னான். குழலின் பின்பக்கத்தில் எழுத்தோடு சேர்த்து ஒரு துண்டை அறுத்து எறிந்தான். மறுபடி மரை போட்டு, புதுசாக உளி செதுக்கினான். இந்த முறை கூட்டைக் குட்டையாக வெட்டி, தோளைக் கீழே இறக்கினான். கறிக் காகிதம் லேத்துக்கு மேலே ஆணியில் தொங்கியது.

ரூலன் தலையில் அடித்துக்கொண்டான். "ஊர்ல எல்லாரும் பூனைய வளத்து வளத்துச் சிறுத்தை ஆக்குவாங்க. நீங்க என்ன மாமா, குட்டி ஆக்கறீங்க? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சொல்லாத."

"இதுக்குப் பேரு?"

தெல்டா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். "டேய், அடுப்படியில ஏலக்காய் பன் ஆறுது. வாய்ல ஒண்ணப் போட்டுக்கிட்டு நட."

வேட்டைக்காலம் தொடங்க நாலு நாளைக்கு முன்னால் துப்பாக்கி தயாரானது. தெல்டா மாவு மூட்டையின் மேல் குழலைச் சாய்த்து, அறுபது தப்படியில் வைத்த பழைய தட்டைச் சுட்டாள். கை லேசாகத் துள்ளி, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. தட்டின் நடுவில் ஒரு ஓட்டை. இன்னொன்று சுட்டாள். முதல் ஓட்டையைத் தொட்டுக்கொண்டு இரண்டாவது விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் குறைக்கணுமா?" என்றான் எல்வின். "வலிச்சா சொல்லு. கூச்சப்படாத."

"போதும்," என்றாள்.

குண்டின் ஏழு மில்லிமீட்டர் குறுக்களவோடு சேர்த்து, அவன் அதையே பேராக அடித்துவிட்டான். எழுத்து எழுத்தாகச் சுத்தியலால் தட்டி, '7 மில்லி போதும்' என்று குழலில் அடித்துக் கொண்டுவந்து காட்டினான். கோணல்மாணலாக இருந்தது. உலகத்தில் இப்படி ஒரு கூறுகெட்ட பேர் எந்தத் தோட்டாவுக்கும் இருக்காது என்றாள் தெல்டா. அப்புறம் துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றித் தன் கையாலேயே பையில் வைத்தாள்.

மலையில் இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் வெயில் ஏறின பிறகு, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் மான் இறங்கி வந்தது. நீளக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எழுபது தப்படி இருக்கும். தெல்டா படுத்தபடி பைமேல் குழலைச் சாய்த்தாள். வலது கை நடுங்கியது. எல்வின் பக்கத்தில் படுத்திருந்தான். அவன் கை அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க மெல்ல வந்தது.

"கைய எடு," என்றாள், உதடு அசையாமல்.

எடுத்துவிட்டான்.

மான் பக்கவாட்டில் திரும்புகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். நடுக்கம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். அதற்குள் மான் போயிருந்தால் போயிருக்கட்டும் என்றுதான் இருந்தாள். பிறகு சுட்டாள்.

மான் ஒரு துள்ளு துள்ளி, இருபது அடி ஓடி, முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. ஒரு தரம் காலை உதறியது. அவ்வளவுதான்.

எல்வின் எழுந்து உட்கார்ந்து, அவளுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குளிரில் அது இன்னும் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி, விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் மெதுவாக நீவிவிட ஆரம்பித்தான். அவன் மீசையில் ஏதோ ஈரமாக இருந்தது. தெல்டா அதைப் பார்க்காத மாதிரி மானைப் பார்த்தாள்.

"என் கைய விட்டுட்டுப் போய் மானப் பாருய்யா. வயித்தக் கிழிக்கணும், சூடு ஆறதுக்குள்ள."

"அது எங்கயும் ஓடாது," என்றான் எல்வின், நீவுவதை நிறுத்தாமல்.

"மரமண்டை," என்றாள் தெல்டா. கையை இழுத்துக்கொள்ளவில்லை.