வெறுங்கையால் எடுத்த அளவு

அந்தத் தையல் கடையில் எல்லோருக்கும் அவள் ‘டேப் அக்கா’. வருகிறவர்களுக்கு அளவெடுப்பதுதான் வேலை. கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. முழங்கையில் இருந்த சொரியாசிஸ் தோல்நோய் விரல்களுக்கு இறங்கியபோதுதான் வினை வந்தது. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளியம்மா தடித்த பருத்திக் கையுறையை நீட்டினார்.

“கோவிச்சுக்காத. இதப் போட்டாதான் முன்னாடி நிக்கலாம். இல்லன்னா பின்னாடி உக்காந்து பட்டன் தை.”

உடம்புக்கும் டேப்புக்கும் நடுவே ஒரு விரலை விட்டுத்தான் அவள் அளவெடுப்பாள். போடுகிறவர் மூச்சு விட வேண்டாமா? கையுறைக்குள் அந்த ஒரு விரல் இரண்டு விரல் கனமாகிவிட்டது. தைத்ததெல்லாம் தொளதொளவென்று திரும்பி வந்தது. “அக்காவுக்குக் கைவாகு போச்சு” என்று மிஷின்காரர்கள் சிரித்தார்கள். அவளும் அதை நம்பினாள் பாருங்கள், அதுதான் ஆத்திரம்.

தூக்கம் போனது. தூங்காததால் தோல் இன்னும் வெடித்தது. வெடித்ததைப் பார்த்துப் பார்த்து மிச்சத் தூக்கமும் போனது. தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள்.

தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொண்டே, “மனசு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பொலபொலவென்று அழுதுவிட்டாள். அவர் மனநல டாக்டரிடம் அனுப்பினார்.

தங்கை பதறினாள். “அக்கா, உனக்கென்ன பைத்தியமா?”

“தோலுக்கு மருந்து வாங்குனப்ப நீ ஒண்ணும் கேக்கல. மனசுக்கு வாங்குனா மட்டும் ஏன்டி குதிக்கிற?”

தோல் முழுசாக ஆறவில்லை. வந்து வந்து போகும் என்று தோல் டாக்டரும் சொல்லிவிட்டார். மனசுக்கு வாங்கிய மருந்தில் தூக்கம் மட்டும் திரும்பியது. தலை தெளிந்ததும் கோபம் வந்தது, கோபத்தோடு கணக்கும் புரிந்தது. மறுநாள் கையுறையைக் கழற்றி முதலாளியம்மா மேஜையில் வைத்தாள்.

“என் கைவாகு எங்கயும் போகலம்மா. இந்தக் கிளவுஸ்தான் அளவக் கெடுத்துச்சு. இனிமே வெறுங்கைதான்.”

“ஆளுங்க வர மாட்டாங்களே…”

“இது ஒட்டுற நோய் இல்லன்னு நானே சொல்லிக்கிறேன்.”

அன்று முதலில் வந்த பெண்ணிடம் அப்படியே சொன்னாள். அந்தப் பெண் விரல்களையே பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மிஷின்கள் எல்லாம் நின்றன.

“பாத்தியா?” என்றார் முதலாளியம்மா.

“பாத்தேம்மா. போறவங்க போகட்டும். நான் பட்டன் தைக்கப் பின்னாடி போக மாட்டேன்.”

சொன்னவள் டேப்பை உதறிப் பிடித்தாள். வாசல் வரை கேட்கும்படி கூப்பிட்டாள்: “அடுத்து யாருங்க? வாங்க, கையத் தூக்குங்க.”