அந்த அப்பா கதவைத் திறந்தது

பையன்னூர் திரைப்படச் சங்கத்தில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பால் சேர்க்காத கட்டன் சாயா வரும். கூடவே குஞ்ஞம்புவின் கேள்வியும் வரும். "ஒரு மனுஷன் இப்படிச் செய்வானா?"

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். நாயகன் வேலையை விட்டாலும் நாயகி மன்னித்தாலும் அவருக்குக் காரணம் வேண்டும். "ஊர்ல பாதி வீட்டுக்குள்ள போயிட்டு வந்தவன் நான். யாரும் இப்படி இல்ல" என்பார். முதல் ஆட்சேபம் அவருடையது என்று வழக்கமே ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தில், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அப்பா திறக்கிறார். ஒன்றும் கேட்காமல் விலகி வழிவிடுகிறார். படம் முடிந்துவிடுகிறது.

குஞ்ஞம்புவின் மகள் ரீஜாவும் அப்படிப் போனவள்தான். பக்கத்தில் கண்ணூரில் இருக்கிறாள். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் செயலாளர், பள்ளி வாத்தியார் பவித்ரன் மாஷ், அவர் கேள்விக்குக் காத்திராமல் ஒளிப்பதிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"என்ன மாஷே, இன்னிக்கு எனக்கு மட்டும் வாய் இல்லையா?" குஞ்ஞம்பு எழுந்துவிட்டார். "அந்தக் கடைசிக் காட்சி சுத்தப் பொய். எந்த அப்பன் உடனே திறப்பான்? ஒரு காரணம் காட்ட வேண்டாமா?"

"பால்காரன்னு நினைச்சுத் திறந்திருப்பாரு, ஏட்டா" என்றான் இளையவன் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி கார்த்தியாயனி கேட்டாள். அவள் அங்கே பேசி நாங்கள் கேட்டதில்லை.

"என்ன காரணம் காட்டணும்? சொல்லுங்க."

"அவ மன்னிப்புக் கேக்கணும். இல்ல, அவருக்கு உடம்புக்கு முடியாமப் போகணும். ஏதாவது ஒண்ணு."

"பொண்ணு வாசல்ல வந்து நிக்கிறா. அது போதாதா?"

அவர் மாஷைப் பார்த்தார். மாஷ் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்ஞம்பு உட்கார்ந்தார். யாரோ பின்னணி இசை பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

கூட்டம் முடிந்ததும், எனக்கும் அதே வழி என்பதால் குஞ்ஞம்புவோடும் மனைவியோடும் நடந்தேன். பஸ் நிலையத்தைத் தாண்டினோம். மீன் சந்தை முனையில் அவர் மனைவியிடம் சொன்னார்:

"விஷுப் பண்டிகைக்கு அவள வரச் சொல்லு."

அவள் நின்றுவிட்டாள்.

"வந்ததும் நான் பேசிடுவேன்னு நினைக்காதே" என்றார். "அது நம்புற மாதிரி இருக்காது."

அவர் மனம் மாறுவதற்குள் வீட்டுக்குப் போய் போன் செய்ய வேண்டியவளைப் போல, கார்த்தியாயனி எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.