விரிப்பின் மறுமுனை

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. முதல் பதவி என் அக்காவுடையது. பட்டத்தை அம்மா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். பதவியை எங்கே மாட்டுவது என்று தெரியாததால் ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பதவி கைக்கு வந்து, நழுவப் பார்த்து, மறுபடி கைக்கு வந்த கதை அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஹோட்டல் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் துண்டு, மேசைத்துணி என்று அழுக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கும். முன்பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், அடுத்து உலர்த்திகள், அதைத் தாண்டினால் சூடான உருளைகளுக்கு நடுவே விரிப்புகள் தேய்ந்து வெளியே வரும் இடம், கடைசியில் மடிப்புக்கூடம். அதே நிலையத்தில்தான் நான் பில் போடுகிறேன். என் மேசைக்கும் மடிப்புக்கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர், அதில் சீட்டு வாங்க ஒரு சின்ன ஜன்னல். அங்கே ஒருவர் தும்மினால் என் பேனா நிற்கும்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. விறைப்பாக இழுத்து ஒரு உதறு, நீளவாக்கில் மடித்து இன்னொரு உதறு. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, ஒருவர் தன் மூலைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைக் குனிந்து பிடித்துப் பின்னால் போக வேண்டும். விலகுவதும் நெருங்குவதுமாக நாள் முழுக்க இதே ஆட்டம். அக்கா பல வருஷம் இந்த ஆட்டம் ஆடியவள். கூடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அது பிறப்பால் வந்த உரிமை.

பழைய சூப்பர்வைசர் இருந்தவரை கூடத்தில் யாரும் நிலைத்து நிற்கவில்லை. வருவார்கள், அவர் வாயைக் கேட்பார்கள், போவார்கள். கடைசியில் அவரே போனார். மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் எதையும் பலகையில் எழுதிப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். ஊழியர்களுக்கு வேலையில் ஈடுபாடு குறைந்துவிட்டது என்று எங்கேயோ பயிற்சிக்குப் போய்க் கேட்டுவந்து, வாசலில் முகப்பலகை ஒன்றை மாட்டினார். உள்ளே வரும்போது அவரவர் மனநிலைப்படி சிரித்த முகமோ வாடிய முகமோ ஒட்ட வேண்டும். பலகை இருந்தது அவர் அறைக்கு நேர் எதிரே. எவனுக்கு வாடிய முகம் ஒட்டத் தைரியம் வரும்? பலகை முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம்தான் அக்காவைக் கூப்பிட்டார்.

"தற்காலிகமா நீங்க பாருங்க. ஆள் நிக்கணும், அவ்வளவுதான். நின்னா அந்த நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா வெளியிலேருந்து ஒருத்தரைக் கொண்டுவர்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அன்று வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டாள். அக்காவின் கணவர், எங்கள் மாமா, லாரி ஓட்டுகிறவர். "மேடம், காலணியோட உள்ள வரலாமா, இல்ல மனு போடணுமா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "கத்தாம ஒரு கூடத்தை நடத்த முடியும்னு காட்டணுங்க" என்றாள். அவளுக்கு அந்த நாற்காலி எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே ஆரம்பித்தாள். ஒவ்வொருவரிடமும் போய், "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? வீட்ல ஏதாவதா? என்கிட்ட சொல்லலாம்ல?" காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. பழைய ஆள் திட்டுவார், இவள் விசாரித்தாள். ஒரு வாரத்தில் ஜனங்கள் அவளைக் கண்டதும் துணிக்குவியலுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தார்கள்.

"அக்கா, நாளையிலேருந்து முகத்தை வீட்லயே வச்சுட்டு வந்துடறேன்" என்றாள் சுண்டு.

சுண்டுவிரல் அளவு இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்கு ஜோடி நெட்டை. பெயருக்கு விளக்கம் தேவையில்லை. கூடத்தின் விசிறிக் காற்று முதலில் அவனுக்குத்தான். மிகப் பெரிய விரிப்புகளைத் தரையில் படாமல் உதற அவனால்தான் முடியும். இருவரும் பிடித்தால் விரிப்பு கூரைபோல் சரிந்து நிற்கும். வாயும் சும்மா இருக்காது.

"அண்ணே, கொஞ்சம் பூமிக்கு இறங்கி வாங்க. மூலை எட்டல."

"ஏணி வச்சு ஏறி வா தாயி. எத்தனை வருஷமா சொல்றேன்."

"ஏறி வந்தா மட்டும் என்ன இருக்கப் போகுது? மேல்மாடி காலிதான்."

"உன் மாடி எங்கம்மா? எனக்குத் தரைதானே தெரியுது."

காலை முதல் மாலை வரை இதே கச்சேரி. அக்காவுக்கு இது உறுத்தியது. பழைய ஆளின் கத்தலைக் கேட்டுக்கேட்டு, உரக்கப் பேசினாலே யாரோ யாரையோ புண்படுத்துகிறார்கள் என்று அவள் காது பழகிவிட்டிருந்தது. ஒருநாள் இருவரையும் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, பிரித்து வைத்தாள். சுண்டுவுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஜோடி. நெட்டைக்கு மௌனசாமி. மௌனசாமி காலையில் வணக்கம் சொல்வார், மாலையில் வரேன் என்பார். நடுவில் அவரிடமிருந்து வேறு சொல் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கூடம் அமைதியானது. "பாத்தியாடா, எப்படி இருக்கு?" என்று ஜன்னல் வழியாக என்னிடம் பெருமைப்பட்டாள். நானும் தலையாட்டினேன். படித்த தலை; நன்றாகத்தான் ஆடியது.

அந்த மாதம் முடிவதற்குள் நெட்டை மேனேஜரிடம் போய், "மாசக் கடைசியோட நின்னுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டான்.

மேனேஜர் அக்காவைக் கோபிக்கவில்லை. "அவர் போனா பெரிய ஹோட்டல் வேலையே போயிடும். நான் வெளியில ஒரு சூப்பர்வைசருக்குச் சொல்லி வைக்கிறேன்" என்றார். அக்கா வெளியே வந்து என் ஜன்னலருகே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடா தப்புப் பண்ணேன்? ஒரு வார்த்தை அதட்டியிருப்பேனா?"

"அவரையே கேளேன்."

"கேட்டாச்சு. ஒண்ணுமில்லக்காங்கறான். உக்கார வச்சுக் கேட்டா எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதானே சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டு, விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குள் போனாள். மௌனசாமியைத் துண்டு அடுக்க அனுப்பிவிட்டு அவர் பிடித்திருந்த மூலைகளைத் தான் வாங்கிக்கொண்டாள். முதல் விரிப்பு பேச்சில்லாமல் மடிந்தது. இரண்டாவதில் நெருங்கி வந்தபோது கேட்டாள்.

"எங்க சேரப் போற?"

விலகினார்கள். உதறினார்கள். நெருங்கினார்கள்.

"ஒரு குடோன்ல."

அடுத்த விரிப்பு. "சம்பளம் அதிகமா?"

விலகி, உதறி, வந்து, "கம்மிதான்."

அக்கா மூலையை நழுவவிடப் பார்த்தாள். "வேலை சுலபமோ?"

"மூட்டை தூக்கணும்."

"அப்புறம் எதுக்குடா போற?"

நெட்டை மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். அக்கா அவசரப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே கைக்கு வேலை இருந்தது; கண் மூலையைப் பார்த்தது; யோசிக்க ஒரு விரிப்பின் நீளம் இருந்தது. பல விரிப்புகள் போயின. ஒரு தடவை நெருங்கி வந்தபோது நெட்டை அவள் தலைக்கு மேலாகக் கூடத்தின் மறுகோடியைப் பார்த்தான்.

"சுண்டுவுக்கு உடம்பு சரியில்லையாக்கா? அந்தப் பக்கம் சத்தமே இல்ல."

அக்கா திரும்பிப் பார்த்தாள். சுண்டு எதிரே நின்ற புதுப்பெண்ணிடம் மூலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கடனே என்று.

"நல்லாத்தான் இருக்கா" என்றாள் அக்கா, குரல் இறங்கி.

விலகினார்கள். உதறினார்கள். நெருங்கினார்கள்.

"இங்க ரொம்ப அமைதியா இருக்குக்கா" என்றான் நெட்டை. "பொழுதே போகல."

அக்கா விரிப்பை அப்படியே மேசையில் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி கையால் மேசையைத் தட்டினாள். நான் பேனாவை மூடிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

"எல்லாரும் கேளுங்க. இவங்க ரெண்டு பேரும் சண்டை போடறாங்கன்னு நினைச்சு நான் பிரிச்சு வச்சேன். அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடது."

அந்தக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவர் வாயிலிருந்து தப்பு என்னோடது என்ற சொல் வந்ததே இல்லை. உருளை இயந்திரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். முதலில் வாயைத் திறந்தது சுண்டு.

"இப்பவாவது தெரிஞ்சுதே! இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்க்கா, ஆனா எதைச் சொன்னாலும் சரிங்கங்கறா. உன் மூக்கு கோணல்டின்னேன். சரிங்கங்கறா! சரிங்கன்னு சொல்றவகிட்ட மனுஷி எப்படிச் சண்டை போடறது?"

புதுப்பெண் வெட்கத்தோடு, "சரிங்க" என்றாள். கூடமே வெடித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துண்டுக்குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் இவரோட நிக்க முடியல. எதிர்ல நின்னு பெருமூச்சா விடறார். விரிப்பே பறக்குது."

யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்த பிறகுதான் அது மௌனசாமி என்று புரிந்தது. நெட்டை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்; அப்போதும் அவன் சுண்டுவை விட உயரமாகத்தான் இருந்தான். அதைச் சுண்டுவே சொன்னாள். அவ்வளவுதான், கச்சேரி தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா யாரையும் தனியே கூப்பிட்டு விசாரிப்பதை விட்டாள். நினைத்தபோது யாராவது ஒருவரின் எதிர்மூலையைப் போய்ப் பிடிப்பாள். புதுப்பெண் காலை வண்டியைப் பிடிக்க முடியாமல் தவிப்பது அப்படித்தான் தெரியவந்தது; அவளுக்கு வேலை நேரம் சற்றுத் தள்ளிப்போனது. மௌனசாமி தனியாகத் துண்டு அடுக்குவதில்தான் சந்தோஷப்படுகிறார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அவரைத் துண்டுக்கே விட்டாள். பேச விரும்பாதவர்களோடு பேசாமலே மடித்தாள்.

மாதம் முடிய இரண்டொரு நாள் இருந்தபோது, காலையில் மேனேஜர் பதறிக்கொண்டு கூடத்துக்குள் ஓடி வந்தார். முகப்பலகையில் முதல்முறையாக ஒரு வாடிய முகம்.

"யார் ஒட்டினது? யாரா இருந்தாலும் பயப்படாம சொல்லுங்க."

"நான்தான் சார்" என்றான் நெட்டை. "இன்னைக்கு முழுக்க இவகூட வேலை. வேற எதை ஒட்டறது?"

"நானும் ஒண்ணு ஒட்டணும்னு பாத்தேன் சார், பலகை எட்டல" என்றாள் சுண்டு.

மேனேஜர் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். "அப்போ நீங்க... மாசக் கடைசியில..."

"குடோன்காரன்கிட்ட வரலன்னு சொல்லியாச்சு சார். நான் போயிட்டா இவ யார்கிட்ட வாங்கிக் கட்டிப்பா?"

மேனேஜருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அக்கா இருந்த இடத்துக்குப் போனார். அவள் ஒரு பெரிய விரிப்பை ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணுமே. என் அறைக்கு வர்றீங்களா?"

"வண்டி நிக்குது சார். பேசணும்னா அந்த முனையைப் பிடிங்க."

கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு மூலைகளையும் எடுத்தார். இழுத்தார்கள், உதறினார்கள், நெருங்கினார்கள்.

"அந்த நாற்காலி விஷயம்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மூலையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடித்துப் பின்னால் போக வேண்டியிருந்தது. ஒரு உதறு. மறுபடி நடந்து வந்தார்.

"...இனிமே உங்களுக்குத்தான். நிரந்தரமா."

அக்கா விரிப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் கை தட்டினேன், கூடமே சேர்ந்துகொண்டது. கைதட்டல் ஓய்ந்ததும் சுண்டு குதிகாலை உயர்த்தி அந்த விரிப்பை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி சார். ஆனா மூலை சேரல. பிரிச்சு இன்னொரு தடவை உதறுங்க."