சாதகத்தில் கிருமி தெரியாது

நான் முன்பு பழகியவன் ஊர்மேய்பவன். ஆணுறையில்லாமல் ஒருநாளும் அவனை நெருங்க விட்டதில்லை. பிறகு சாதகம் பொருந்திய வெளிநாட்டு மாப்பிள்ளை வந்தார். பதிவுத் திருமணம் முடிந்த கிழமையே, நான் எடுத்த ஆணுறையைக் கண்டு, "எழுத்து முடிஞ்சுது, இனி உது என்னத்துக்கு? என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்றார். மூளையில்லாமல் நம்பினேன். பத்து நாளில் சிறுநீர் கழிக்க எரிந்தது. பால்வினை நோய்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவனோடை கவனமா இருந்தனீர், இவரோடை ஏன் இல்லை?"

"சாதகம் பொருந்தினது, டொக்டர்."

"சாதகத்திலை கிருமியும் தெரியுமோ, பிள்ளை?"

மருந்தெடுத்துத் தப்பினேன். இரத்தப் பரிசோதனையில் வேறு நோய் இல்லை. இப்போது அந்த உத்தமருக்கும் ஆணுறைதான். அவருடைய பரிசோதனைத் தாளையும் கேட்டிருக்கிறேன்.

"பெண்சாதி புருஷனிட்டைக் கேக்கிற கேள்வியோ உது?" என்று குதிக்கிறார்.

தாளைக் கொண்டுவரும்வரை குதிக்கட்டும்.