இரண்டு 'ள்', ஒரே கீறல்

இன்று காலை எங்கள் செந்தூல் பிளாட்டில், பக்கத்து வீட்டு சரோஜா ஆன்டி வந்து கதவைத் தட்டினார். கையில், அவருடைய தபால் பெட்டியில் கிடந்த ஒரு தாள்.

"வாயை மூடு. உன் மகள் எத்தனை மணிக்கு எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்குகிறாள் என்று தெரியும்."

தூரிகையால் இழுத்தது போன்ற முரட்டுக் கறுப்பு எழுத்து.

போன வாரம் பிளாட் கமிட்டி மீட்டிங்கில், லிஃப்ட் ரிப்பேர் பணம் என்ன ஆனது என்று எழுந்து கேட்டவர் ஆன்டி மட்டும்தான்.

"கையால எழுதிருக்கான் லா. போலீஸ் கையெழுத்த வச்சே புடிச்சிருவாங்க," என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். 'மகள்', 'இறங்குகிறாள்' இரண்டிலும், 'ள்' எழுத்தின் கடைசி வளைவில், ஒரே இடத்தில், ஒரே மெல்லிய கீறல். தூரிகை முடி ஒன்று மையில் ஒட்டியதால் விழுந்தது அது. எனக்குத் தெரியும். அந்த எழுத்தை வரைந்தவள் நான்.

"ஆன்டி, இது கையெழுத்து இல்ல. நான் செஞ்ச கம்ப்யூட்டர் ஃபான்ட்."

ஆன்டி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அந்த ஃபான்டை நான் இன்னும் வெளியிடவே இல்லை. பொங்கல் பேனருக்காகக் கமிட்டியில் மூன்று பேருக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். நீங்கள் மூவரும் இந்தப் பதிவைப் பார்க்கும் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள்.

எழுத்து எப்படி வந்திருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லையே? பயன்படுத்திப் பார்த்தவர் கமெண்டில் சொல்லலாம்.