சைக்கிளுக்கு எந்த ஊர்?

வீரகத்தியை வரியில் மாட்டிவிட்டது அவருடைய வாய்தான்.

1957இல் அவர் முரசுமோட்டையில் ஒரு குடியேற்றக் காணியில் நெல் விதைத்துக்கொண்டிருந்தார். அந்த நெல் குடும்பத்துக்குக் காணாது. ஆகவே ஆனையிறவைத் தாண்டி, குடாநாட்டுப் பக்கத்தில் இருந்த தேங்காய்த் தும்பு ஆலைக்குப் பின்னேர வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தார். சைக்கிளுக்குத் தன் கிராமச் சபையில் வரி கட்டி, அதற்குக் கொடுத்த தகட்டையும் முன்னால் பூட்டியிருந்தார்.

ஒரு மத்தியானம் வேலைக்குப் போகையில், ஆலைப் பக்கத்துச் சபையின் வரி பார்க்கும் ஓவசியர் மறித்தார்.

"நீர் எந்த ஊர்?"

"ஆலடிப்புலம்."

"அப்ப எங்கட பகுதி ஆள். எங்கட தகடு எங்கை?"

ஆலடிப்புலம் வீரகத்தி பிறந்த இடம். அங்கே அவருக்கு ஒரு கொட்டில்கூட இல்லை. காடு வெட்டியது, மலேரியாவில் கிடந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் முரசுமோட்டையில். ஆனாலும் ஊர் என்றால் பிறந்த இடத்தைச் சொல்லத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். ஒருவனுடைய சாதியை மரியாதையாகத் துருவ நாம் கண்டுபிடித்த கேள்வி அது! இப்போது அதைக் கேட்டே ஏழையிடம் இரண்டாவது வரியும் பிடுங்கலாம் என்றாகிவிட்டது. அதே வீதியில் போய்வந்த முதலாளிமாரின் கார்களை எவரும் மறிக்கவில்லை.

ஓவசியர் பறித்த சைக்கிள் அவருடைய சபைக்குப் போனது. வியர்க்க வியர்க்க நடந்து வந்தவரிடம் ஆலை மனேச்சர், "நாளைக்கும் பிந்தினால் வேறை ஆளைப் பிடிப்பன்" என்றார்.

மறுநாள் காலை வீரகத்தி மனைவி கமலாசனியுடன் பஸ் ஏறிச் சபைக்குப் போனார்.

"நீர் எவடம்?" என்றார் சபைத் தலைவர்.

"ஆலடி..."

கமலாசனி முழங்கையால் இடித்தார். "ஐயா, இவருக்கு ஊர் ஆலடிப்புலம்தான். சைக்கிளுக்கு ஊர் முரசுமோட்டை. ஒரு இரவெண்டாலும் அது ஆலடிப்புலத்திலை படுக்கேல்லை."

"இவர்?"

"என்னை விட்டிட்டு இவர் எங்கை போய்ப் படுக்கிறது?"

சபைக் கந்தோரே சிரித்தது. தலைவர் ஓவசியரிடம் திரும்பினார். "சைக்கிள் நிக்கிற இடத்திலைதானே ஐசே வரி? குடுத்தனுப்பும்."

சக்கரங்களில் புதிதாகக் காற்று அடித்திருந்தது. முதல் நாள் பின்னேரம் முழுக்க ஓவசியர்தான் அதில் ஓடித்திரிந்தாராம்.

வீரகத்தி கைபிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கமலாசனி பின்னால் ஏறிக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ, காத்துக்கும் வரி கேக்க முந்தி மிதியுங்கோ!"

வீரகத்தி சிரித்துக்கொண்டே மிதித்தார். அன்று பின்னேர வேலைக்கு ஆலையின் சங்கு ஊதியபோது, அவர் உள்ளே நின்று மட்டை உரித்துக்கொண்டிருந்தார்.